மழைக்காலத்திலும் நடக்கலாம்: மாட்டுங்கா மேம்பாலப் பூங்கா

மும்பையில் மேம்பாலம் எழும்பியதும் அதன் அடிப்பகுதியை வண்டி நிறுத்துவோரும் குப்பை கொட்டுவோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் அம்பேத்கர் சாலை மேம்பாலத்தின் கீழ் 2016இல் திறக்கப்பட்ட நானாலால் டி. மேத்தா பூங்கா இதற்கு விதிவிலக்கு. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் முதலில் தங்கள் செலவில் காவலாட்களை நிறுத்தி, பிறகு மாநகராட்சியை விடாமல் நச்சரித்துப் பெற்ற இடம் இது.

ஏறத்தாழ 600 மீட்டர் நீளும் நடைபாதையை நர்மதை ஆற்றின் போக்கில் வளைத்து வளைத்து அமைத்திருக்கிறார்கள். அமர்கண்டக்கில் பிறந்து 1,312 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் ஆறு இங்கே தூண்களுக்கிடையே சுருங்கிக் கிடக்கிறது. நடப்பவர்களில் பலர் இது எந்த ஆறு என்றே கவனிப்பதில்லை. அதில் குறையொன்றும் இல்லை. அந்த வளைவுகளின் உண்மையான பயன் வேறு. நேர்ப்பாதையாக இருந்திருந்தால் வரிசையாக நிற்கும் கான்கிரீட் தூண்கள் மருத்துவமனை நடைக்கூடத்தை நினைவூட்டியிருக்கும்; பாதை திரும்பித் திரும்பிச் செல்வதால் தூண்கள் கண்ணில் உறுத்தவில்லை, கால்களும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

மேலே பாலம் இருப்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை நகரமே குடைக்குள் ஒடுங்கும்போதும் இங்கே கைவீசி நடக்கலாம். மாட்டுங்காவின் முதிய தமிழர்களுக்கு இந்த ஒன்றே போதும். செடிகளின் நிலைமை நேர்மாறானது: அடைமழையிலும் அவற்றுக்கு நேரடி மழை கிடையாது, வெயிலும் குறைவு. எனவே நிழல் தாங்கும் செடிகளை நட்டு ஆண்டு முழுவதும் குழாய் நீர் பாய்ச்சியாக வேண்டும். இத்தகைய பூங்காவை அமைப்பதைவிடப் பராமரிப்பதே பெரும்பாடு.

அமைதியை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். கனரக வண்டி பாலத்தின் இணைப்பைத் தாண்டும்போதெல்லாம் தலைக்கு மேல் 'தடக்' என்று ஒலிக்கிறது. அருகில் நடக்கும் மாமி மருமகளைப் பற்றிய பேச்சைப் பாதியில் நிறுத்தி, வண்டி போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். இருபுறமும் போக்குவரத்து ஓடுவதால் புகையும் உண்டு. மூச்சிரைப்பு உள்ளவர்கள் நெரிசல் தொடங்குவதற்கு முன், அதிகாலையிலேயே வந்துவிடுவது நல்லது.

நான் மதிப்பெண்ணைக் குறைப்பது வேறொன்றுக்காக. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வண்டிகள் பாயும் சாலையைக் கடந்துதான் பூங்காவை அடைய வேண்டும். முழங்கால் வலியுடன் மெல்ல நடப்பவர்களுக்காகவே அமைந்ததுபோன்ற இடத்துக்கு அவர்களால் தனியாக வந்து சேர முடிவதில்லை. ஐந்துக்கு நான்கு.