பொறிக்கு மெழுகா, டிப்பா?

வட அமெரிக்காவில் விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிக்கும் சீசன் நெருங்கினாலே இந்தக் குழப்பம்தான்: இரும்புப் பொறிகள் துருப்பிடிக்காமலிருக்க அவற்றைச் சாயத்தில் கொதிக்கவைத்து மெழுகில் முக்குவதா, பெட்ரோலில் கரைக்கும் 'ஸ்பீட் டிப்' என்ற பூச்சு போதுமா? எதுவானாலும், முதலில் புதுப்பொறியின் எண்ணெய்ப் பிசுக்கு போகவேண்டும்.

உழைப்பு: லாக்வுட் மரச் சாயமும் மெழுகும் ஒரு நாளை விழுங்கிவிடும். டிப் என்றால் முக்கித் தொங்கவிட்டால் சரி.

வாடை: மெழுகில் பெரிதாக இல்லை. டிப்பின் பெட்ரோல் நாற்றம் போகப் பல நாள் காற்றாட விடவேண்டும். நரியின் மூக்கு சும்மாவா?

ஆபத்து: இரண்டுமே தீப்பற்றும். மெழுகை நேரடித் தீயில் உருக்காதீர்கள். அப்புறம், உடலைக் கவ்வும் பொறிக்கு மெழுகு வேண்டவே வேண்டாம். விசை வழுக்கிக் கை மாட்டிக்கொள்ளும்.

தரையில் நரி, கொயோட்டிக்கு (ஓநாய் போன்ற காட்டு விலங்கு) மெழுகுதான். தண்ணீரில் மஸ்க்ராட், பீவர் போன்ற கொறிவிலங்குகளைப் பிடிக்க டிப் தாராளம்.