கேபின் வீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம், தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து இறக்கும் ரெடிமேட் கேபின் வீடு விற்க ஆள் வருகிறார்கள். தோட்ட வேலை முடிந்து லாயத்தை, அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்யப் போகும் குடும்பங்களாகப் பார்த்துத்தான் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். அப்பாவின் சேமநிதிப் பணத்தில் 38,000 ரிங்கிட் போய்விட்டது.

“அங்கிள், இது கட்டடம் இல்லை, சாமான். லோரியில் வரும், வேண்டாமென்றால் லோரியிலேயே போகும். ஊராட்சி மன்றத்தில் பெர்மிட் எடுக்க வேண்டாம்” என்றார் விற்றவர். சுவர் பேனலுக்கு சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) சான்றிதழ் உண்டு என்று ஒரு தாளையும் காட்டினார். நானும் பக்கத்தில் இருந்தேன், நம்பிவிட்டேன்.

வீடு இறங்கிய மூன்றாவது வாரம், அனுமதி இல்லை என்று மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அப்புறம்தான் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். வீடு, குடிசை, கொட்டகை, கூரை போட்ட அடைப்பு எல்லாமே கட்டடம்தான். வேலியும் கம்பமும்கூட அதில் வருகின்றன. எங்கே செய்தது, எதில் ஏற்றி வந்தது என்ற பேச்சே அங்கே இல்லை.

சரி, இனிமேலாவது அனுமதி எடுப்போம் என்று ஓர் ஆர்க்கிடெக்டைக் கூட்டி வந்தேன். டேப் பிடித்து அளந்தார். தரையிலிருந்து சீலிங் வரை 2.3 மீட்டர். யுபிபிஎல் எனப்படும் 1984ஆம் ஆண்டு கட்டடத் துணைச்சட்டம் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் குறைந்தது 2.5 மீட்டர் உயரம் கேட்கிறது. முதல் அறை 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3 இருக்க வேண்டும். எங்களுடைய இரண்டாவது அறை 7கூட இல்லை. கல்வீடாக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று வரி கல் வைத்து உயர்த்திவிடலாம். இரும்புச் சட்டத்தில் அடைத்த பெட்டியை எப்படி உயர்த்துவது? சாதாரணக் கண்டெய்னரின் உள் உயரமே ஏறக்குறைய 2.39 மீட்டர்தான். அதை வீடாக்கி விற்பவர்களிடமும் இதைக் கேளுங்கள்.

அந்த சிஐடிபி தாள் பேனலுக்கு மட்டும்தான். உங்கள் நிலத்தில் அந்த வீட்டை வைப்பதற்கான அனுமதி வேறு, குடியேறத் தேவைப்படும் சிசிசி எனும் கட்டட நிறைவுச் சான்றிதழ் வேறு. பட்டாவில் நிலத்தின் வகை ‘விவசாயம்’ என்றிருந்தால் அது தனித் தலைவலி.

தொழிற்சாலையில் செய்யும் வீட்டை நான் குறை சொல்லவில்லை. 2008 முதல் பெரிய அரசாங்கக் கட்டுமானங்களில் ஐபிஎஸ் (பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து வந்து பொருத்தும் முறை) மதிப்பெண் 70 வேண்டும் என்று அரசாங்கமே விதித்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு கேபின் வாங்கும் தோட்டத்து மனிதருக்கு என்னென்ன தேவை என்று மன்றக் கவுண்டரில் ஒரு தாள், மலாயிலும் தமிழிலும், இருந்திருந்தால் அப்பா அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கவே மாட்டார்.

விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: என் நிலத்துக்கு பிளான் போட்டு மன்றத்தில் அனுமதி எடுப்பது யார்? சிசிசியில் கையெழுத்துப் போடுவது யார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கைக்கு வரும் வரை ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. கேபின் பூட்டிக் கிடக்கிறது, அப்பா என் தங்கச்சி வீட்டில் இருக்கிறார்.