தடைப் பேச்சில் சிக்கிய மலிவு ரூட்டரும் அதன் போட்டியாளர்களும்: எதை வாங்கலாம்?

வீட்டுக்குள் இணையத்தைப் பகிர்ந்து தரும் வைஃபை பெட்டிதான் ரூட்டர். அதில் டிபி-லிங்க் வாங்கலாமா, கூடாதா? அமெரிக்காவில் இருக்கும் தமிழ் நண்பர்கள் 2024 கடைசியிலிருந்து அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்த டிசம்பரில்தான் வணிகம், பாதுகாப்பு, நீதி என்று அமெரிக்க அரசின் மூன்று துறைகள் சீனத் தொடர்பு உள்ள அந்த நிறுவனத்தை விசாரிக்கின்றன, தடைகூட வரலாம் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அதற்கு நான்கு மாதம் முன்பே நாடாளுமன்றத்தின் சீன விவகாரக் குழுவிலிருந்து குடியரசுக் கட்சியின் ஜான் மூலெனாரும் ஜனநாயகக் கட்சியின் ராஜா கிருஷ்ணமூர்த்தியும் (தமிழ்க் குடும்பத்துக்காரர்) வணிகத்துறை அமைச்சர் ஜீனா ரைமண்டோவுக்குக் கடிதம் எழுதி, விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள். 2025 அக்டோபரில் வணிகத்துறை தடையை முன்மொழிந்திருக்கிறது, வேறு பல துறைகளும் ஆதரிக்கின்றன என்று வாஷிங்டன் போஸ்ட் செய்தி போட்டது.

இத்தனை நடந்தும் கடையில் அதுதான் மலிவு. பக்கத்திலேயே இருக்கும் நெட்கியரோ ஆசஸோ பெரும்பாலும் அதே வேகத்துக்குக் கூடுதல் விலை கேட்கும். அந்தக் கூடுதல் காசுக்குப் பாதுகாப்பும் சேர்ந்து வருகிறதா, அல்லது பெட்டியின் மேல் இருக்கும் பெயர் மட்டும்தான் மாறுகிறதா என்று பார்க்கலாம்.

டிபி-லிங்க்

1996-ல் ஷென்சென் நகரில் சகோதரர்கள் இருவர் தொடங்கிய நிறுவனம். இன்று அமெரிக்காவில் விற்பது, கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் தலைமையகம் வைத்திருக்கும் டிபி-லிங்க் சிஸ்டம்ஸ். சீனாவில் இருக்கும் பழைய நிறுவனத்திலிருந்து முழுக்கப் பிரிந்துவிட்டோம், அமெரிக்காவுக்கு வரும் சரக்கு வியட்நாமில் தயாராகிறது என்கிறார்கள். ஆனால் ஆராய்ச்சி, வடிவமைப்பு வேலையில் ஒரு பகுதி இன்னும் சீனாவில்தான் நடக்கிறது. சண்டையே இந்த இடத்தில்தான்.

எதிர்ப்பவர்கள் முதலில் எடுப்பது சீனாவின் 2017 தேசிய உளவுச் சட்டத்தை. அரசின் உளவு வேலைக்கு நிறுவனங்களும் குடிமக்களும் ஒத்துழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். என்னைக் கேட்டால், அதைவிடக் கவலை தருவது 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இன்னொரு விதி. தன் சரக்கில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரிந்ததும் தயாரிப்பாளர் 48 மணி நேரத்துக்குள் அதைச் சீன அரசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். ஓட்டையை அடைக்கும் அப்டேட் நம் வீட்டுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். பல வீடுகளில் அது வந்து சேரவே சேராது. அந்த இடைவெளி முழுவதும், ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஓர் அரசு சும்மா உட்கார்ந்திருக்குமா? நிறுவனம் கெட்ட எண்ணத்தோடு எதையும் ஒளித்து வைக்க வேண்டிய அவசியமே இதில் இல்லை.

சரி, நடந்தது என்ன? டிபி-லிங்க் தானே ரகசியமாகப் பின்கதவு (வெளியாள் நுழைய ஒளித்து வைத்த வழி) வைத்தது என்பதற்கான ஆதாரம் பொதுவெளியில் வைக்கப்படவில்லை. வெளியில் தெரிந்த தாக்குதல்கள் வேறு ரகம். ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 என்ற நன்றாக விற்ற மாடலில் ஓர் ஓட்டை, 2022 டிசம்பரில் டொராண்டோவில் நடந்த போன்-டு-ஓன் ஹேக்கிங் போட்டியில் அம்பலமானது. 2023 மார்ச்சில் நிறுவனம் அப்டேட் விட்டது. ஏப்ரலிலேயே மிராய் என்ற வைரஸை ஏவும் கும்பல் அப்டேட் போடாத பெட்டிகளுக்குள் நுழைய ஆரம்பித்துவிட்டது.

பிறகு, 2024 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. கைப்பற்றப்பட்ட ரூட்டர்களைக் கோத்து ஒரு கள்ள வலையமைப்பு இயங்குகிறது, எந்த நேரத்திலும் சராசரியாக 8,000 சாதனங்கள் அதில் இருக்கின்றன, பெரும்பாலானவை டிபி-லிங்க் என்றது. அந்த வலையமைப்பின் வழியாகச் சீன ஹேக்கர் குழுக்கள் நிறுவனங்களின் கணக்குகளில் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கணக்குக்கு ஒரு நாளைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முயற்சிதான். ஒவ்வொன்றும் யாரோ ஒரு சாதாரணக் குடும்பத்தின் இணைய முகவரியிலிருந்து வரும்போது எந்தப் பாதுகாப்பு மென்பொருளுக்குச் சந்தேகம் வரும்?

இதில் கவனிக்க வேண்டியது, ரூட்டரின் சொந்தக்காரருக்கு எதுவும் தெரியாது. அவர் வீட்டில் படம் தடங்கல் இல்லாமல் ஓடும். திருடனுக்கு அவர் பணம் தேவையில்லை. அவர் விலாசம் இருந்தால் போதும்.

நெட்கியர், சிஸ்கோ, ஆசஸ் வகையறா

இங்கே வந்தால் தடை வேண்டும் என்பவர்களின் வாதம் கொஞ்சம் தடுமாறுகிறது. அமெரிக்காவின் மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு அமைப்புகளுக்குள் ஊடுருவிய சீனக் குழுவுக்கு வோல்ட் டைஃபூன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது தன் தடத்தை மறைக்கப் பயன்படுத்திய ரூட்டர் படையை 2023 டிசம்பரில் எஃப்.பி.ஐ. நீதிமன்ற அனுமதியோடு கலைத்தது. அதில் இருந்தவை எந்த பிராண்ட்? மிகப் பெரும்பாலானவை சிஸ்கோ, நெட்கியர். இரண்டுமே அமெரிக்க நிறுவனங்கள். ஆதரவுக் காலம் முடிந்து, அப்டேட் நின்றுபோன பழைய மாடல்கள் என்பதால்தான் அவை மாட்டின என்று நீதித்துறையே சொன்னது.

அடுத்த மாதமே இன்னொரு நடவடிக்கை. இந்த முறை ரஷ்ய ராணுவ உளவுத்துறை. பெட்டிகள் யூபிக்விட்டி, அதுவும் அமெரிக்க நிறுவனம். காரணம், பெட்டியோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. 2025 மே மாதம் எஃப்.பி.ஐ. எச்சரித்தது பழைய லிங்க்சிஸ் மாடல்களைப் பற்றி. தைவானின் ஆசஸ், பாதுகாப்புக் குறைபாடுகளுக்காக 2016-லேயே அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் மாட்டி, 20 வருடம் வெளித் தணிக்கைக்கு உட்பட ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் 2025-ல் சுமார் 9,000 ஆசஸ் ரூட்டர்களில் யாரோ பின்கதவு போட்டிருப்பதை கிரேநாய்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்தது. ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை) அப்டேட் செய்தாலும் அந்தக் கதவு அழியாது என்பதுதான் அதில் எரிச்சலான விஷயம்.

தயாரித்த நாட்டை வைத்துச் சந்தேகப்படுவது ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ., வெளிநாட்டுக்குப் போகும் சிஸ்கோ பெட்டிகளை வழியில் பிரித்து, உளவுக் கருவி வைத்து, மறுபடி ஒட்டி அனுப்பியதை அதன் ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடனின் ஆவணங்கள் 2014-ல் படத்தோடு காட்டின. சிஸ்கோ தலைவர் ஜான் சேம்பர்ஸ் அதிபர் ஒபாமாவுக்கே புகார்க் கடிதம் எழுதினார்.

"உள்நாட்டுப் பொருள்" என்று சொல்லிக்கொள்ள இங்கே அதிகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெட்கியர் பெட்டிகள் தயாராவது வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா, தைவான் ஆலைகளில். அமெரிக்கக் கடைகளில் இருக்கும் வீட்டு ரூட்டர்களில் கிட்டத்தட்ட எல்லாமே இறக்குமதிதான்.

ஒரு விஷயத்தில் டிபி-லிங்க் தரப்பைக் காப்பாற்ற முடியாது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2020-ல் 7 பிராண்டுகளின் 127 ரூட்டர்களைச் சோதித்தது. குறையில்லாதது ஒன்றுகூட இல்லை. 46 மாடல்களுக்கு ஒரு வருடமாக எந்தப் பாதுகாப்பு அப்டேட்டும் வரவில்லை. ஆனால் வரிசைப்படுத்தும்போது ஆசஸும் நெட்கியரும் டிபி-லிங்க், டி-லிங்க், லிங்க்சிஸ், ஸைக்செல் ஆகியவற்றைவிட மேலே இருந்தன. கூடுதல் விலைக்கு எதுவுமே கிடைக்காது என்று சொல்லிவிட முடியாது. கிடைப்பது கொஞ்சம் கூடுதல் பராமரிப்பு.

இணைய கம்பெனி தரும் பெட்டி

பலர் ரூட்டர் வாங்குவதே இல்லை, கேபிள்காரர் மாட்டியதோடு சரி. இதில் ஒரு நல்லது, அப்டேட் போடுவது உங்கள் வேலை இல்லை. 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச் டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு மிராய் தாக்குதலில் விழுந்தது. கம்பெனியே சீக்கிரம் அப்டேட் அனுப்பிப் பெட்டிகளை எழுப்பிவிட்டது. 9 லட்சம் பேரும் கடையில் வாங்கிய ரூட்டர் வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

கெட்டதும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. எல்லார் வீட்டிலும் ஒரே மாடல் என்றால் விழும்போது மொத்தமாக விழும். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே சேவை நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டர்கள் மூன்றே நாளில் செத்தன. யாரோ ஃபர்ம்வேரை அழித்துவிட்டார்கள். பெட்டியையே மாற்றுவதைத் தவிர வழி இருக்கவில்லை. நம் ஊரிலும் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடங்கள் இப்படி அடிபட்டன. முதலில் வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றாதவர்கள்தான் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

ஃப்ரிட்ஸ்பாக்ஸும் ஓபன்டபிள்யூஆர்டியும்

அப்போது ஏவிஎம் என்ற பெயரில் இருந்த பெர்லின் நிறுவனத்தின் ஃப்ரிட்ஸ்பாக்ஸ்தான் அந்த ஃபிரான்ஹோஃபர் சோதனையில் முதலிடம். 2016 ஆகஸ்டிலிருந்து ஜெர்மனியில் எவரும் தனக்குப் பிடித்த ரூட்டரை வைத்துக்கொள்ளச் சட்ட உரிமை உண்டு. அந்தப் போட்டியும் தரத்துக்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி அவ்வளவாகப் பயன்படாது.

ஓபன்டபிள்யூஆர்டி சுவாரசியமானது. ரூட்டரில் கம்பெனி போட்ட மென்பொருளுக்குப் பதிலாக நாமே போட்டுக்கொள்ளும் மென்பொருள் இது. லிங்க்சிஸ் தன் பழைய நீல நிற ரூட்டரின் மூல நிரலைக் கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்படி வெளியிட வேண்டியிருந்தது. அதிலிருந்து 2004-ல் பிறந்தது இது. யார் வேண்டுமானாலும் நிரலைப் பிரித்துப் படிக்கலாம். கம்பெனி கைவிட்ட பல பழைய பெட்டிகளுக்கு இன்னும் இதில் அப்டேட் வருகிறது. 2024 நவம்பரில் இந்தத் திட்டமே சொந்தமாக ஒரு ரூட்டரைக் கொண்டுவந்தது, ஓபன்டபிள்யூஆர்டி ஒன், அப்போது விலை 89 டாலர். யார் தயாரிக்கிறார்கள் தெரியுமா? சீனாவின் பனானா பை. ரூட்டர் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்கள் சீன ஆலையில் செய்த பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறார்கள். ஆலை எங்கே இருக்கிறது என்பதைவிட, உள்ளே ஓடும் நிரலை யார் எழுதுகிறார்கள், யார் பார்க்க முடியும், யார் மாற்ற முடியும் என்பதே அவர்களுக்கு முக்கியம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் ஃபர்ம்வேர் என்றாலே கை நடுங்குபவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விலைச் சண்டை

வியாபாரப் பக்கத்தைப் பார்க்காமல் இந்த விவகாரம் புரியாது. அமெரிக்க வீடு, சிறு அலுவலகச் சந்தையில் சுமார் 65 சதவீதம் டிபி-லிங்க் கையில் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. நிறுவனம் அதை மறுக்கிறது, தன் பங்கு அதைவிட மிகக் குறைவு என்கிறது. அடக்க விலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளர்களை ஒழிக்கப் பார்க்கிறதா என்பதும் நீதித்துறையின் விசாரணையில் இருப்பதாகச் செய்திகள் வந்தன. 2018-ல் டிரம்ப் அரசு சீன இறக்குமதிக்குப் போட்ட கூடுதல் வரியில் ரூட்டரும் இருந்தது. அதற்குப் பிறகும் இந்த விலை தாக்குப்பிடித்தது.

நெட்கியரும் சும்மா இல்லை. காப்புரிமை வழக்கு போட்டு 2024-ல் டிபி-லிங்க்கிடமிருந்து 13.5 கோடி டாலர் வாங்கியது. தடைப் பேச்சு வந்ததும் அதன் பங்கு விலை ஏறியது. 2025 நவம்பரில் டிபி-லிங்க் திருப்பி வழக்குப் போட்டது: எங்களைச் சீன உளவாளி என்று நெட்கியர் அவதூறு பரப்புகிறது, பழைய சமரச ஒப்பந்தத்தை மீறுகிறது என்று. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் தேசப் பாதுகாப்பு என்று ஒருவர் பேசும்போது அவர் பையில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு பிராண்டைத் தடை செய்வதைவிட பிரிட்டன் எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 2024 ஏப்ரல் 29 முதல் அங்கே எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது. எவ்வளவு காலம் அப்டேட் தருவோம் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், 2027 டிசம்பரிலிருந்து பொதுவாகக் குறைந்தது 5 வருட ஆதரவைக் கட்டாயமாக்குகிறது. இந்த விதிகள் வோல்ட் டைஃபூனுக்கு இரையான நெட்கியர் மாதிரிப் பெட்டிகளையும் தொடும். டிபி-லிங்க் மீதான தடை அவற்றைத் தொடாது. போதாததற்கு, தடை வந்தாலும் ஏற்கெனவே வீடுகளில் ஓடும் லட்சக்கணக்கான பெட்டிகள் அங்கேயேதான் இருக்கும். சந்தையிலிருந்து துரத்தப்பட்ட நிறுவனம் அவற்றுக்கு எவ்வளவு காலம் அக்கறையாக அப்டேட் அனுப்பும்?

எதை வாங்கலாம்

அரசு வேலை, ராணுவ ஒப்பந்த நிறுவனம், சீனாவைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் என்றால் டிபி-லிங்க் வேண்டாம். அந்த 48 மணி நேர விதி ஒன்றே போதுமான காரணம். மற்றக் குடும்பங்களுக்கு, எதுவரை அப்டேட் வரும் என்று அறிவித்திருக்கும் புது ஆசஸோ நெட்கியரோ கொஞ்சம் நல்ல தேர்வு. பணம் இடிக்கிறது என்றால் தானாக அப்டேட் ஆகும் புது டிபி-லிங்க், வீட்டில் கிடக்கும் எட்டு வருடப் பழைய நெட்கியரைவிட எவ்வளவோ மேல். எதை வாங்கினாலும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

ஊரில் அப்பா அம்மா வீட்டில் டிபி-லிங்க்கின் டபிள்யூஆர்841என் இருக்கிறதா என்றும் ஒரு தடவை கேளுங்கள். நம் ஊரிலும் பல வருடம் நன்றாக விற்ற மாடல் அது. 2025 ஜூனில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதலுக்கு உள்ளாகும் ஓட்டைகளின் பட்டியலில் அதன் 8, 10-ம் பதிப்புகளைச் சேர்த்தது. பதிப்பு எண் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். பழைய பதிப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.