வீட்டுக்கு வைஃபை பூட்ட ஆள் பிடிக்கிற செங்கலடி, வந்தாறுமூலை ஆட்கள் இதை வாசியுங்கள்

வந்தாறுமூலையில் இருக்கிற என் அக்கா வீட்டுக்கு வைஃபை போட்டுக் கொடுத்த ஆள், அந்த இணைப்பைத் தன்னுடைய அடையாள அட்டையில் எடுத்திருக்கிறார். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்திருந்திருக்கிறார். அக்கா மாதாமாதம் காசு போட்ட டேட்டாவை, பின் வளவுக்கு அடுத்துள்ள போர்டிங்கில் இருக்கும் பொடியன்களுக்கு விற்றிருக்கிறார். இது எல்லாவற்றையும் விட என் நெஞ்சை எரிக்கிறது இன்னொரு விசயம்: முன் விறாந்தையில் அவர் பூட்டிய கமெரா அவருடைய எக்கவுண்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் கட்டாரில் வேலை. வீட்டில் அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும் மட்டும்.

முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் ஆளின் பெயரை நான் எழுதவில்லை. அவர் இதைச் செய்த விதத்தை எழுதுகிறேன். ஆள் மாறினாலும் விதம் மாறாது.

மூத்த மருமகள் ஏ.எல். படிக்கிறாள். பாதி வகுப்பு சூமில்தான். அதற்காக அக்கா ஒரு போன் கடையில் விசாரித்திருக்கிறா. கடைக்காரர் ஒருவரை அனுப்பினார். கம்பனியின் சின்னம் போட்ட ரீசேர்ட், கழுத்தில் அட்டை. பார்க்கிறவர் எவரும் கம்பனி ஊழியர் என்றே நம்புவார்கள். ரவுட்டர், சிம், கூரைக்கு மேலே அன்டெனா, பூட்டுகூலி எல்லாம் சேர்த்து 28,500 ரூபா வாங்கினார். அடுத்த கிழமை வந்து கமெராவுக்கு வேறாக எடுத்தார். பில் கேட்டபோது ஒரு துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையின் பெயர் இல்லை, ரவுட்டரின் இலக்கம் இல்லை, திகதியும் இல்லை.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு மாதத்தின் நடுப்பகுதி வந்தாலே வகுப்பு நின்று நின்று போகத் தொடங்கியது. அக்கா கோல் எடுப்பா, அவர் வருவார், ரவுட்டரை நிற்பாட்டிப் போடுவார், வந்த கூலி 1,500 ரூபா வாங்கிக்கொண்டு போவார். "அக்கா, டவர் வீக்காக் கிடக்கு. இந்தப் பக்கம் எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான். நாம ஒண்டும் செய்ய ஏலா, பூஸ்டர் ஒண்டு போட்டாச் சரியாப் போகும்" என்று சொல்லி 9,500 ரூபாவுக்கு ஒரு பூஸ்டரும் பூட்டினார். மறுகா, பக்கேஜைப் பெரிதாக்கச் சொன்னார். அக்கா அதையும் செய்தா. அந்தக் காசெல்லாம் அத்தான் ஐம்பது பாகை வெயிலில் நின்று உழைத்து அனுப்பிய காசு.

லீவில் நான் போனபோது மருமகள் அழாத குறையாகச் சொன்னாள், "மாமா, சிக்னல் முழுசாக் காட்டுது, ஆனா ஒண்டும் வருதில்ல."

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். டவர் வீக் என்ற சொல்லுக்கு ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையில் ஒரு தொடர்பு, ரவுட்டருக்கும் வெளியே உள்ள டவருக்கும் இடையில் இன்னொரு தொடர்பு. போனில் தெரிகிற வைஃபை கோடுகள் முதலாவதை மட்டுமே காட்டும். அது முழுதாக இருந்தாலும் டவர்ப் பக்கம் செத்துக் கிடக்கலாம். எனவே முதலில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே போய் நின்று வேகம் பாருங்கள். அங்கே நன்றாக வந்து அறைக்குள் குறைந்தால் வீட்டுக்குள் உள்ள பிரச்சினை: சுவர், தூரம், அலைவரிசை. 2.4 கிகாஹேட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு; 5 கிகாஹேட்ஸ் வேகமானது, ஆனால் கொங்கிறீட் சுவருக்கு அப்பால் படுத்துவிடும். ரவுட்டருக்குப் பக்கத்திலும் மெதுவாக இருந்தால் பிரச்சினை வெளியே, அல்லது டேட்டாவில். டவர் நெரிசல் என்பது பொய்யல்ல. இரவு ஏழு மணிக்குப் பிறகு ஊர் முழுக்க வீடியோ பார்க்கிற நேரத்தில் வேகம் விழுவது உண்மை. ஆனால் விடிய ஐந்து மணிக்கும் அதே ஆமை வேகம் என்றால் அது நெரிசல் இல்லை. நான் விடியவும் பார்த்தேன், ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று. ஊர்ந்தது.

டேட்டா முடிந்தால் பல பக்கேஜ்களில் இணைப்பை வெட்டுவதில்லை, வேகத்தைத்தான் குறைப்பார்கள். பார்க்கிறவருக்கு டவர் வீக் போலவே தெரியும். எச்.டி. தரத்தில் ஒரு மணித்தியாலம் படம் பார்த்தால் 3 ஜீபி வரை போகும். அக்காவின் 100 ஜீபி பக்கேஜில் ஏறக்குறைய முப்பத்து மூன்று மணித்தியாலம் எச்.டி. படம் பார்க்கலாம். அந்த வீட்டில் அவ்வளவு படம் பார்க்க யார் இருக்கிறார்கள்? சூம் வகுப்பு, அத்தானோடு வீடியோ கோல், சின்னவளின் கார்ட்டூன். மாதம் பாதியில் எப்படி முடியும்?

கணக்குப் பார்ப்பதற்குக் கம்பனியின் ஆப்பைத் திறந்தேன். ஓடிபி அவருடைய போனுக்குப் போனது. வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்தேன். "இந்த இலக்கம் வேறொருவரின் பெயரில் உள்ளது, அவர் அல்லாமல் வேறு எவருக்கும் விபரம் தர முடியாது" என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். அக்கா காசு கட்டுகிற இணைப்புக்கு அக்கா யாருமே இல்லை.

ரவுட்டரின் அடியில் அட்மின் பக்கத்தின் முகவரியும் பாஸ்வேர்டும் அச்சடித்த லேபல் இருக்கும். அதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். உரித்து, போனில் 192.168.1.1 அடித்துப் பார்த்தால் பாஸ்வேர்டை மாற்றி வைத்திருந்தார்.

பிறகு போனின் வைஃபை பட்டியலை உற்றுப் பார்த்தேன். அக்காவின் பெயருக்குக் கீழே வேறொரு பெயர், அதே அளவு பலத்தோடு. பக்கத்து வீட்டு வைஃபை என்றால் எங்கள் வீட்டுக்குள் அவ்வளவு பலமாக வராது. போனைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றினேன். தூரப் போகப் போக இரண்டும் சேர்ந்து குறைந்தன, ரவுட்டரை நெருங்க இரண்டும் சேர்ந்து ஏறின. ரவுட்டரின் வயரைப் பிடுங்கினேன். இரண்டு பெயரும் ஒன்றாகக் காணாமல் போயின. வயரைச் செருகியதும் இரண்டும் ஒன்றாக வந்தன. அது விருந்தினருக்கென்று ரவுட்டரிலேயே இருக்கிற இரண்டாவது நெட்வொர்க். அதைத் திறந்து, வேறு பெயரும் வேறு பாஸ்வேர்டும் கொடுத்திருக்கிறார். இந்தச் சோதனைக்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. இன்றைக்கே உங்கள் வீட்டில் செய்து பாருங்கள்.

போர்டிங்குக்குப் போய்க் கேட்டேன். கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பொடியன்கள், தூர ஊர்களில் இருந்து வந்து தங்கிப் படிக்கிறவர்கள். ஆளுக்கு மாதம் 1,000 ரூபா அந்த ஆளுக்கு அனுப்புகிறோம் என்று மறைக்காமல் சொன்னார்கள், காசு மாற்றிய மெசேஜையும் காட்டினார்கள். அது அவருடைய சொந்த இணைப்பு என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்களும் ஏமாந்தவர்கள்தான். பூஸ்டர் ஏன் வந்தது என்பதும் அங்கேதான் விளங்கியது. அது ரவுட்டருக்குப் பின்னால், போர்டிங் பக்கத்து யன்னலில் பூட்டப்பட்டிருந்தது. மருமகளின் அறை மற்றப் பக்கம். அக்காவின் காசில் வாங்கிய பூஸ்டர் போர்டிங்குக்கு வேலை செய்திருக்கிறது.

பூஸ்டர் என்று இங்கே விற்கிற சாமான் ரவுட்டரின் வைஃபையை வாங்கி மறுபடி அனுப்புவது மட்டும்தான். டவர் சிக்னலை அது ஒரு துளியும் கூட்டாது. ஒரே அலைவரிசையில் வாங்கி அனுப்பினால் வேகம் பாதியாகக் குறையும். டவர் சிக்னலையே பெருக்குகிற கருவியைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் யாரும் பூட்ட ஏலாது. டவர் வீக், எனவே பூஸ்டர் போடுங்கள் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே அவரை அனுப்பிவிடுங்கள்.

கமெராவுக்கு வருகிறேன். அக்காவின் போனில் கமெரா ஆப் இருந்தது, படம் தெரிந்தது. ஆனால் அமைப்புகளுக்குள் போனால் உரிமையாளர் வேறு ஒரு ஈமெயில், அக்கா வெறுமனே பகிர்ந்து கொடுக்கப்பட்ட பாவனையாளர். உரிமையாளர் அவர்தான். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், பிள்ளை எத்தனை மணிக்குத் தனியாக இருக்கிறாள், எல்லாம் ஒரு அந்நிய ஆம்பிளையின் போனில். அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவ பேசவில்லை, போய்க் கமெராவுக்குத் துணியைக் கட்டிவிட்டு வந்தா. பட்டனை அழுத்தி ரீசெட் செய்தாலும் இப்படியான கமெராக்கள் பல, பழைய எக்கவுண்டை விட்டு வராது. பழைய உரிமையாளரே நீக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கிய பில்லோடு கமெராக் கம்பனிக்கு எழுத வேண்டும். பில் எங்கே? அந்தத் துண்டுக் கடதாசிதான். கமெராவைக் கழற்றி, சாட்சிக்காகப் பையில் போட்டு வைத்திருக்கிறோம்.

வெளிநாட்டில் ஆம்பிளைகள் உழைக்க, இங்கே பெண்கள் தனியாக இருக்கிற வீடு மட்டக்களப்பில் எத்தனை இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அந்த வீடுகளுக்கெல்லாம் கமெரா பூட்டுகிறவர்கள் இப்படித்தான் வந்து போகிறார்கள். உங்கள் ஆப்பைத் திறந்து உரிமையாளர் யார் என்று பாருங்கள். பகிர்ந்தது என்று காட்டினால் முதலில் கமெராவின் கரண்டை நிற்பாட்டுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

இரண்டு பெயரும் தெரிகிற பட்டியலையும் கமெராவின் உரிமையாளர் பக்கத்தையும் படம் பிடித்து வைத்த பிறகுதான் நான் ரவுட்டரின் ரீசெட் பட்டனை அழுத்தினேன். ஊசியால் பத்து செக்கன் அளவு அழுத்திப் பிடித்தால் லேபலில் உள்ள பாஸ்வேர்டுக்குத் திரும்பும். சிம் போடுகிற ரவுட்டருக்கு இது சரி. ஃபைபர் இணைப்பு என்றால் கம்பனி உள்ளே போட்டிருக்கிற அமைப்பும் சேர்ந்து அழிந்துவிடக்கூடும், எனவே அழுத்த முன் கம்பனிக்கு எடுங்கள். திறந்ததும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, விருந்தினர் நெட்வொர்க்கை மூடி, பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்ட் இல்லாமலே இணைய விடுகிற டபிள்யூபிஎஸ் என்பதையும் நிற்பாட்டினேன். அக்கா அடையாள அட்டையோடு கம்பனியின் சொந்தக் கிளைக்கே போய்த் தன் பெயரில் புதுச் சிம் எடுத்தா.

வேகமும் வந்தது. ரவுட்டர் தகரக் கூரைக்குக் கீழே, இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. தகரமும் இரும்பும் சிக்னலை மறிக்கும். அட்மின் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் இருக்கும், மறை எண்ணாக. டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை அது காட்டும். -80 நல்லது, -110க்குப் போனால் மோசம். அதைப் பார்த்துப் பார்த்து ரவுட்டரை நகர்த்தினேன், றோட்டுப் பக்க யன்னலில் நன்றாக எடுத்தது. அன்டெனாவே தேவைப்படவில்லை. அந்த அன்டெனாவை எர்த் இல்லாமல் இரும்புக் குழாயில் ஏற்றியிருந்தார். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் இடி எப்படி விழும் என்று ஊருக்கே தெரியும். அதைக் கழற்றி இறக்கிய பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

ஆளைக் கூப்பிட்டுக் கேட்டோம். முதலில் மறுத்தார். பொடியன்கள் காட்டிய மெசேஜைச் சொன்னதும், "சிம் என்ர பேர்லதானே கிடக்கு, நான் என்னவும் செய்வன்" என்றார். போன் கடைக்காரர், அவர் தன் ஆள் இல்லை என்று கையை விரித்தார். கம்பனியும் அப்படி ஒருவர் எங்களிடம் வேலை செய்வதில்லை என்றது. அந்த ரீசேர்ட்டுக்கும் அட்டைக்கும் யார் பொறுப்பு என்று இன்னும் பதில் இல்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. சாமான் வாங்கி அல்லது சேவை பெற்று 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வழி சொல்வார்கள். மற்றவரின் கணினி அமைப்புக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் குற்றம், கமெரா விசயத்தை அதன் கீழ் பொலிசில் கொடுத்திருக்கிறோம். சந்தேகம் கேட்க, கணினிப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் இலக்கம் 101.

முறைப்பாடு எழுதியாயிற்று என்று தெரிந்ததும் பூஸ்டர்க் காசு மட்டும் கடைக்காரர் மூலமாகத் திரும்பி வந்தது. மற்றது வரவில்லை. அதே ஆள் கொம்மாதுறை, மாவடிவேம்புப் பக்கமும் வேலை செய்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். உங்கள் வீட்டு சிம் யார் பெயரில் இருக்கிறது என்று அடையாள அட்டையோடு கிளைக்குப் போய்க் கேளுங்கள். உங்களுடைய பெயர் இல்லையென்றால் நீங்களும் முறைப்பாடு கொடுங்கள். பில் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். அவருக்கு அனுப்பிய மெசேஜ், காசு மாற்றிய ஸ்லிப், அவர் பூட்டும்போது பிள்ளைகள் எடுத்த படம், எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள்.