பல்லைக் காப்பாற்றுவதா, பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் வைப்பதா?

எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் சொத்தை நரம்பு வரை இறங்கி, வேர் நுனியில் சீழ் வைத்துவிட்டது. ரூட் கேனல் செய்து, அதாவது வேருக்குள் கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் பண்ணி நிரப்பி, பல்லின் மேல் உறை மாதிரி கேப் போடலாம். இல்லையென்றால் பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் வைக்கலாம், அதாவது தாடை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து அதன்மேல் செயற்கைப் பல் பொருத்தலாம். நான் பல்லை வைத்துக்கொண்டேன். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

செலவைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை, பொதுவாக இம்ப்ளாண்ட்தான் அதிகம். அந்த டைட்டானியம் திருகு எலும்போடு ஒட்டுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

‘இம்ப்ளாண்ட்தான் அதிகம் வெற்றி பெறுகிறது’ என்று பலரும் சொல்வார்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பல ஆய்வுகளில் இம்ப்ளாண்ட் விழாமல் நின்றாலே அது பிழைத்த கணக்கு. ரூட் கேனலுக்கோ, எலும்பு கரைந்ததைக் காட்டி எக்ஸ்ரேயில் வேர் நுனியில் தெரியும் கறுப்பு நிழல் மறைந்தால்தான் வெற்றி. பல் வாயில் நிற்கிறதா என்று மட்டும் கேட்டால் நிலைமை வேறு. அமெரிக்காவில் ரூட் கேனல் செய்த 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்த 2004 ஆய்வில், 8 ஆண்டுகளுக்குப் பிறகும் 97 சதவீதம் வாயிலேயே இருந்தன. பிடுங்கப்பட்டவற்றில் 85 சதவீதத்துக்கு முழுக் கேப் இல்லை.

என்னைப் பொறுத்தவரை விஷயமே அந்தக் கேப்தான். ஏன் என்பதற்கு ஒரு பழைய எலிச் சோதனை. 1965இல் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பல்நரம்பைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். அது தானாகவே ஆறியது. சாதாரண எலிகளுக்கு நரம்பு செத்து, சீழ் வைத்தது. ஆக, கிருமியை வெளியேற்றுவது பாதி வேலை, திரும்ப நுழையவிடாமல் அடைப்பது மீதி. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டி, மெல்லிய ஃபைல்களால் சுரண்டி, ப்ளீச் வாடை அடிக்கும் ஹைப்போகுளோரைட்டால் கழுவுவது முதல் பாதி. வலி போனதும் ‘கேப் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தற்காலிக அடைப்போடு பலர் நின்றுவிடுகிறார்கள். அந்த அடைப்பு தேய்ந்தால் எச்சில் கசிந்து கிருமி மறுபடி உள்ளே போகும். குடைந்து மெலிந்த கடைவாய்ப்பல், மெல்லும் அழுத்தத்தில் விரிசலும் விடும்.

ரூட் கேனல் செய்த 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களை அலசிய 1995 ஆய்வு, வேர் நிரப்பலைவிட மேல் அடைப்பின் தரமே முக்கியம் என்றது. பிறகு வந்த சில ஆய்வுகள் அதை மறுத்து, வேர் நிரப்பலுக்கே முதலிடம் தந்தன. சரி, எது முதலில் என்ற சண்டை நமக்கெதற்கு, இரண்டும் வேண்டும். கேப்புக்கும் சேர்த்து என்ன ஆகும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இம்ப்ளாண்ட் என் வாயில் இல்லை, படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன். அதற்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கிருமியால் கெடலாம். வேர் நெடுக்கில் பிளந்திருந்தாலோ, கேப் பிடித்து நிற்கப் பல்சுவர் மிஞ்சாவிட்டாலோ பல்லைக் காப்பாற்றப் போராடுவது வீண். அங்கே இம்ப்ளாண்ட்தான் சரி. ஏற்கெனவே ரூட் கேனல் செய்து நிழலும் விழுந்த பல்லென்றால் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். 1990இல் வந்த ஸ்வீடன் ஆய்வில், நிழல் விழுந்த பற்களில் முதல்முறை சிகிச்சைக்கு 86 சதவீத வெற்றி, மறுசிகிச்சைக்கு 62தான்.