மெஸ்கால் நெக்ரோனி: ஒரு பாட்டில் விடா, மூன்று மாதம், நிறைய கமலா ஆரஞ்சுத் தோல்

மச்சான் வெளிநாட்டிலிருந்து வந்தபோது டியூட்டி ஃப்ரீயில் வாங்கி வந்த டெல் மகே விடா என்ற மெஸ்கால் (மெக்சிகோவில் கத்தாழையிலிருந்து வடிக்கும் மது) பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது, அதனால் இனி தைரியமாக எழுதலாம். கோயம்புத்தூரில் நான் தேடிய கடைகளில் மெஸ்கால் கிடைக்கவில்லை, எனவே இப்படி யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. நான் கேட்டு வாங்கியது ஒரே ஒரு காரணத்துக்காக: நெக்ரோனியில், அதாவது ஜின், காம்பாரி என்ற கசப்பு மது, வெர்மூத் என்ற மூலிகை ஒயின் மூன்றையும் கலக்கும் பானத்தில், ஜின்னுக்குப் பதிலாக இதை ஊற்றிப் பார்க்க வேண்டும்.

"ஏனுங் மாப்ள, இது நம்ம ரயில் கத்தாழைங்களா?" என்று மச்சான் கேட்டார். கிட்டத்தட்ட அதேதான். நம் பக்கம் காட்டு வேலியோரம் நிற்கிற, நார் உரிக்கிற கத்தாழைக்கு நெருங்கிய சொந்தம். சோற்றுக் கற்றாழை வேறு, அது இந்தக் குடும்பமே இல்லை. மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில் எஸ்படீன் என்ற ரகத்தை ஆறு முதல் எட்டு வருஷம் வரை வளர்த்து, மடலையெல்லாம் சீவி, பெரிய அன்னாசி மாதிரி மிஞ்சுகிற நடுப்பகுதியை மண்குழியில் சூடான கற்களின் மேல் அடுக்கி, மூடி, நாள்கணக்கில் வேகவிடுவார்கள். புகை ஏறுவது அந்தக் குழியில்தான். அப்புறம் குதிரையோ கோவேறு கழுதையோ சுற்றி இழுக்கிற கல் சக்கரத்தில் நசுக்குவார்கள், பழைய மாட்டுச் செக்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு புளிக்கவைத்து இரண்டு தடவை வடிப்பது. நம் வேலியில் இருப்பதை வெட்டிப் பார்க்கலாமே என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், அந்தச் சாறு பட்டாலே தோல் அரிக்கும், வீட்டில் வடிப்பது குற்றமும்கூட.

மூடியைத் திறந்ததும் வந்த வாசம் என்னைக் கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பாலைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டது. கொப்பரையில் பாகு கொதிக்கும், கீழே காய்ந்த சக்கை எரியும், இனிப்பும் புகையும் சேர்ந்து சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை கூடவே வரும். அதே வாசம், பின்னாலேயே கொஞ்சம் பச்சைத் தழையும் மிளகுக் காரமும். 42% இருப்பதால் வெறுமனே குடித்தால் தொண்டையில் கொஞ்சம் முரட்டுத்தனம் தெரிகிறது, அந்த முரட்டுத்தனம்தான் கலவையில் உதவுகிறது, ஏனென்றால் எதிரே நிற்பது காம்பாரி. 1860-இல் இத்தாலியில் பிறந்த இந்தச் சிவப்புக் கசப்பு மென்மையான எதையும் விழுங்கிவிடும்.

காம்பாரியின் சிவப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2006 வரை அந்த நிறம் சப்பாத்திக்கள்ளியில் வாழும் காக்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்தது. அந்தப் பூச்சிச் சாயத்துக்குப் பழைய காலத்தில் பேர்போன இடமும் இதே வஹாகாதான். நம் ஊர்க் காடுகளில் புதராக மண்டிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை அழிக்க 1920-களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டதும் அந்த வகைப் பூச்சியைத்தான். கத்தாழை, கள்ளி இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் மண்ணில் வேர்பிடித்தவை என்று தெரிந்தபின், இந்த டம்ளர் எனக்கு அந்நியமாகத் தெரியவே இல்லை.

சரி, கலக்குகிற கதைக்கு வருகிறேன். புத்தகக் கணக்கு மெஸ்கால், காம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் சமம், ஒவ்வொன்றும் 30 மில்லி. அளக்கத் தனிப் பாத்திரம் வேண்டாம், இருமல் மருந்து பாட்டிலோடு வரும் 10 மில்லி மூடியைக் கழுவி வைத்துக்கொண்டேன், மூன்று மூடி என்றால் முப்பது. முதல் நாள் சமமாகத்தான் கலந்தேன். கசப்பு முன்னால் வந்து நின்றுகொண்டது, புகை கடைசியில் எட்டிப் பார்த்ததோடு சரி. இப்போது என் கணக்கு நாலு மூடி மெஸ்கால், இரண்டு மூடி காம்பாரி, இரண்டு மூடி வெர்மூத். இதில் புகை முதலில் வருகிறது, நடுவில் இனிப்பு, விழுங்கியபின் சுண்டைவத்தல் தின்ற மாதிரி நாக்கின் அடியில் ஒரு நல்ல கசப்பு. கருப்பட்டிப் பாகு ஒரு ஸ்பூன் சேர்த்தும் பார்த்தேன், அது புகையை மூடிவிட்டது. வேண்டாம்.

வெர்மூத்தில்தான் நான் தப்பு செய்தேன். அது கடைசியில் ஒயின்தான் என்பதை மறந்து, திறந்த பாட்டிலை அலமாரியில் வைத்தேன். சித்திரை வெயில், ஒன்றரை மாதம், காடி வாசம் அடிக்க ஆரம்பித்துவிட்டது, அதை ஊற்றிய அன்று நல்ல மெஸ்காலும் சேர்ந்து வீணானது. திறந்த அன்றே ஃப்ரிட்ஜில் வையுங்கள். புதிதாக இருக்கும்போது அதன் மணமே தனி. வெர்மூத்துக்குப் பெயர் கொடுத்த கசப்புச் செடியும் நம் மரிக்கொழுந்தும் ஒரே பேரினம், நல்ல வெர்மூத்தை மோந்தால் அந்தச் சொந்தம் மூக்குக்குத் தெரியும்.

ஐஸும் முக்கியம். ட்ரேயில் உறையும் சின்னக் கட்டிகள் இரண்டு நிமிஷத்தில் கரைந்து எல்லாவற்றையும் நீர்க்கவிடும். சிறுவாணித் தண்ணீரை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஊற்றி இரவு முழுக்க உறையவிட்டு, காலையில் தட்டி எடுத்து உடைத்தால் முஷ்டி அளவு கட்டிகள் கிடைக்கும். ஒரு கட்டியை டம்ளரில் போட்டு, மூன்றையும் ஊற்றி, டம்ளரின் வெளிப்பக்கம் பனித்து விரல் ஈரமாகும் வரை ஸ்பூனால் சுற்றினால் போதும், குலுக்க வேண்டாம். பிறகு கமலா ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு. மேற்பக்கம் டம்ளரைப் பார்க்கும்படி பிடித்து மடித்து நசுக்கினால் எண்ணெய் பொடித் துளிகளாகத் தெறித்து, சிவப்பின் மேல் பளபளவென்று மிதக்கும். வாய்க்குக் கொண்டுபோகும்போது முதலில் ஆரஞ்சு, உடனே கரும்பாலை. எனக்கு இந்த பானத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

இது சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்றே ஒன்று குடிக்கிற சாமான். எலுமிச்சை சாதத்தோடோ பள்ளிபாளையம் சிக்கனோடோ வைத்துக் குடித்துப் பார்த்தேன், மிளகாய்க் காரமும் காம்பாரிக் கசப்பும் வாயில் சண்டை போடுகின்றன. தோலோடு வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, அவ்வளவு போதும். அரை மணி நேரத்தில் நன்றாகப் பசிக்கிறது, அப்போது அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் வந்தால் அதைவிடச் சுகம் இல்லை. ஒன்றிலேயே மூன்று மது இருக்கிறது என்பதை மறக்காதீர்கள், வண்டிச் சாவி பக்கமே போகக்கூடாது.

தனியாகச் சப்பிக் குடிக்க மட்டும் என்றால் விடாவை நான் பரிந்துரைக்க மாட்டேன், இந்த ஒரு கலவைக்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். மச்சானிடம் அடுத்த தடவைக்கு இதில் இன்னொன்றும், வெர்மூத்தில் 375 மில்லி சின்ன பாட்டில் இரண்டும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் வரியில்லாமல் விடுவார்கள், இந்தக் கணக்கு அதற்குள் அடங்கிவிடும்.