பம்பலப்பிட்டிக் கணக்கியல் நிறுவனமொன்றில் வேலை: சம்பளம் சரி, இருக்கத்தான் இடமில்லை

பம்பலப்பிட்டியில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையொன்றில், பழைய மாடி வீட்டைக் காரியாலயமாக மாற்றி நடத்தப்படும் கணக்கியல் சேவை நிறுவனமொன்றில் சேர்ந்து, தகுதிகாண் காலம் முடிவதற்கு முன்னரே விலகிவிட்டேன். அங்கே விண்ணப்பிக்க எண்ணுவோர் என்னிடம் விசாரிப்பதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். ஐந்துக்கு இரண்டு புள்ளிகள் கொடுக்கிறேன். அவை சம்பளத்துக்கும் சக ஊழியர்களுக்கும் உரியவை.

சம்பளம் உரிய நாளில் வங்கிக் கணக்குக்கு வந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கான 8 வீதமும் நிறுவனத்தின் பங்கான 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் ஒழுங்காகச் செலுத்தப்பட்டன. பிரித்தானியச் சிறு வணிகங்களின் கணக்கேடுகளையும் பெறுமதி சேர் வரிப் படிவங்களையும் தயாரிக்கும் வேலை என்பதால் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. தெரியாததைக் கேட்டால் மூத்த அக்காமார் முகம் சுளிக்காமல் சொல்லித் தந்தார்கள்.

குறையெல்லாம் அறையில்தான். நேர்முகத் தேர்வு கீழ்த்தளத்தின் விசாலமான வரவேற்பறையில் நடைபெறும். வேலை நடக்கும் மேல்மாடியை அப்போது எவரும் காட்டுவதில்லை. மேலே ஏறினால் இருபது அடி நீளமும் பதினான்கு அடி அகலமும் ஒன்பது அடி உயரமும் கொண்ட ஒரே அறையில் பதினைந்து பேர் இருக்கிறார்கள். கதிரைகள் முதுகோடு முதுகு முட்டுமளவுக்குப் போடப்பட்டிருப்பதால், சுவரோரம் இருப்பவர் எழுந்து வெளியே போவதற்குள் வழியிலுள்ள மூவர் மேசைக்குள் ஒடுங்கி இடம்விட வேண்டும். எனக்குத் தரப்பட்ட மேசையின் பாதியை அச்சு இயந்திரம் பிடித்துக்கொண்டது; அது ஓடும்போதெல்லாம் அதன் சூடான காற்று என் இடது கையில் அடித்தது. பக்கத்திலிருப்பவர் வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசுகையில், என் முன்னாலுள்ள எண்களை நான் இரண்டாம் முறையும் கூட்டிப் பார்க்க நேர்ந்தது.

நெருக்கத்தைவிட என்னை வருத்தியது காற்றுத்தான். மேற்குப் பக்கத்து யன்னலைத் திறந்தால் கடற்காற்று தாராளமாக வரும். ஆனால் அதை மறைத்துக் கோப்பு அலுமாரி நிற்கிறது. மற்ற யன்னலைத் திறக்கலாமா என்று முகாமையாளரிடம் கேட்டபோது, “ஏசி ஓடுது தம்பி, திறந்தா கரண்ட் பில் ஏறும்” என்றார். சுவரில் பொருத்தும் சாதாரணக் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையிலுள்ள அதே காற்றைத்தான் குளிர்வித்துத் திருப்பி அனுப்புகிறது. பதினைந்து பேர் விட்ட மூச்சு மாலைவரை அங்கேயே சுற்றியதால், பிற்பகலில் தலை கனத்தது; ஒருவருக்குத் தடிமன் வந்தால் வாரத்துக்குள் பாதிப் பேர் இருமினார்கள். மதியச் சோற்றுப் பார்சலையும் அதே மேசையில்தான் பிரிக்க வேண்டும் என்பதால் கறிவாசம் பொழுதுபடும்வரை போகாது.

நாங்கள் யாருடைய கணக்குகளைப் பார்த்தோமோ அவர்களுடைய நாட்டில், வேலைத்தலங்களுக்கான 1992ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளுக்குரிய வழிகாட்டல் ஒருவருக்குக் குறைந்தது 11 கன மீற்றர் இடம் வேண்டும் என்கிறது. எங்கள் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 71 கன மீற்றர். அதன்படி அங்கே ஆறு பேர் இருக்கலாம். நம் நாட்டிலும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுப்பதோடு நின்றுவிடாமல், காற்றோட்டத்தையும் வெளிச்சத்தையும் கழிப்பறை வசதியையும் தொழில்தருநரின் பொறுப்பாக்கியிருக்கிறது. ஆகவே நல்ல காற்றைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. நியமனக் கடிதத்தில் சம்பளம் எவ்வளவு முக்கியமோ, இருக்கும் இடமும் அவ்வளவு முக்கியமென்றே நான் நினைக்கிறேன். விண்ணப்பிப்பவர்கள் கையொப்பமிடுவதற்கு முன்னர், எந்த மேசையில் இருத்துவார்கள் என்று மேலே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

விலகும்போது நிறுவனம் கண்ணியமாக நடந்துகொண்டது. மிகுதிச் சம்பளமும் சேவைச் சான்றிதழும் தாமதமின்றிக் கிடைத்தன. கீழ்த்தள வரவேற்பறை பெரும்பாலும் வெறுமையாகவே கிடப்பதால் ஐந்தாறு மேசைகளை அங்கே இறக்கலாம், அலுமாரியை நகர்த்தி மேற்கு யன்னலைக் காலையிலும் மதியத்திலும் சற்று நேரம் திறந்து வைக்கலாம் என்று விலகல் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவ்வாறு செய்துவிட்டதாக அங்குள்ளவர்கள் அறிவித்தால், இந்தப் புள்ளிகளை உயர்த்த ஆயத்தமாக இருக்கிறேன்.